கொம்பு முளைத்த கேள்விகள்

ஆட்டுத்தலை, சிறகு, மார்பகம், கொம்புக்கு நடுவே தீப்பந்தம்… பாஃபொமெட் என்பது சாத்தானின் அசல் போட்டோதானே?

போட்டோ இல்லை சார், ஓவியம். 1850-களில் அதை வரைந்த எலிஃபாஸ் லெவி, பாதிரியாராகப் படித்துப் பாதியில் விட்ட பிரெஞ்சுக்காரர்! ஒரு கை மேலே, ஒரு கை கீழே. ஒரு கையில் 'கரை', மறு கையில் 'உறையவை' என்று லத்தீனில் எழுதினார். ரசவாதிகளின் சூத்திரம் அது (நம் வீட்டுத் தயிருக்கு இரண்டாவது மட்டும் போதும்). எதிரெதிரானவை ஒன்றுசேர்வதே அவர் நினைத்த பொருள். அர்த்தநாரியையும் ஆட்டுத்தலைத் தக்கனையும் பார்த்து வளர்ந்த நாம் இதற்கா அலறுவது?

'பாஃபொமெட்' என்ற பெயர் எந்த மந்திர நூலில் இருந்தது?

விசாரணைக் குறிப்பில்! 1307-ல் பிரான்ஸ் மன்னன் நான்காம் பிலிப், தனக்குக் கடன் கொடுத்த டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்களையே பிடித்து உள்ளே போட்டான். அந்தப் பெயரில் ஏதோ ஒரு தலையை வணங்கியதாகச் சிலர் சித்திரவதையில் ஒப்புக்கொண்டார்கள். மன்னனுக்கு வட்டி கட்டுவதைவிட இது சுலபம்.

டாரட் சீட்டில் குறி பார்த்தேன், எனக்கு 'மரணம்' சீட்டு வந்துவிட்டது. என்ன செய்வது?

சீட்டு பார்த்தவருக்குக் காசைக் கொடுங்கள். உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி.

'மாற்றம்' என்றுதான் அதற்குப் பொருள் சொல்வார்கள். 1909-ல் வந்த புகழ்பெற்ற சீட்டுக்கட்டில், எலும்புக்கூட்டுக்குப் பின்னால் இரு கோபுரங்களுக்கு நடுவே சூரியனே தெரிகிறது. அதை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். கட்டின் பெயரோ 'ரைடர்-வெய்ட்': பதிப்பகம் இருக்கிறது, எழுத்தாளர் இருக்கிறார், அந்த அம்மாளைக் காணோம்.