மூடியைத் திறந்து பாருங்கள்: கணினி கேள்வி–பதில்

எட்டொன்பது வருஷத்து லேப்டாப். "விண்டோஸ் 11 இதுல ஏறாது, புதுசு வாங்கிடுங்க சார்" என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?
– அரசு ஊழியர், புதுப் பெருங்களத்தூர்

பர்ஸை உள்ளே வையுங்கள். லேப்டாப் கெட்டுப்போகவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், அவர்கள் பட்டியலில் இருக்கும் பிராசஸரும் வேண்டும். பழைய மெஷின்கள் அங்கேதான் அடிபடுகின்றன. கடைக்காரர் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

மீதிப் பாதியை நான் சொல்கிறேன். முதலில் போட்டோ, பத்திரம், பாலிசி எல்லாவற்றையும் வெளியே ஒரு டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்.எஸ்.டி.யாக மாற்றச் சொல்லுங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே மெஷின் எழுந்து ஓடும். பிறகு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். இன்ஸ்டால் செய்யாமலே வைஃபை, ஸ்பீக்கர், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவிக்கொண்டு திரும்பப் பூட் செய்யுங்கள், விண்டோஸ் வைத்த இடத்தில் இருக்கும். மெயில், யூடியூப், ஈ.பி. பில், கடிதம் அடிப்பது எல்லாம் நடக்கும். வீட்டில் யாராவது டாலியில் கணக்கு எழுதினால் மட்டும் அந்த மெஷினை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் – எது பெஸ்ட்?
– கல்லூரி மாணவி, வண்டலூர்

ராத்திரி பத்து மணிக்குக் கோளாறு வந்தால், உங்கள் தெருவிலேயே உதவிக்கு ஆள் இருக்கிற சிஸ்டம்.

அப்பா ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸில் வேலை பார்த்தவர். அதே இடத்தில் எழும்பிய ஐ.டி. பார்க்கில் நான் சாப்ட்வேர் எழுதுகிறேன். இது முன்னேற்றம்தானே?
– மென்பொருள் பொறியாளர், பீர்க்கன்காரணை

சம்பளத்தில் முன்னேற்றம்தான். ஆனால் உங்கள் அப்பா காலத்தில் இருந்த ஒன்றை நாம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைப் பார்த்திருப்பீர்கள். அதன் முன்பக்கம் மொத்தமாக முன்னால் சாயும், என்ஜின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி நின்றுபோனால் இரும்புலியூர் மெக்கானிக் மூடியைச் சாய்த்து, கார்பரேட்டரைக் கழற்றி ஊதிவிட்டு ஓட்டிக் காட்டுவார். அவர் எந்தக் கம்பெனியிலும் பயிற்சி எடுத்தவர் அல்ல. திறக்க முடிந்தது, அதனால் கற்றுக்கொண்டார். அவரிடமிருந்து அவர் பையன் கற்றுக்கொண்டான்.

மென்பொருளில் அந்த மூடியைத் திறப்பதுதான் மூல நிரலைப் பார்ப்பது. பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று சட்டப்படி எழுதிக் கொடுத்திருக்கும் மென்பொருளைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். உங்கள் ஆபீஸ் நிரலைக் கொண்டுவந்து தெருவில் வைக்கச் சொல்லவில்லை. சனி, ஞாயிறில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, திறந்த மென்பொருள் ஒன்றில் ஒரு பிழையைத் திருத்திக் கொடுங்கள். அதை எங்கோ ஒரு பையன் படித்துக் கற்றுக்கொள்வான்.

ஓசியில் கிடைப்பது உருப்படியாக இருக்குமா?
– மளிகைக் கடைக்காரர், பழைய பெருங்களத்தூர்

உலகின் அதிவேகக் கணினிகள் என்று 500-ஐ வருஷத்துக்கு இரண்டு முறை பட்டியல் போடுகிறார்கள். 2017 நவம்பரிலிருந்து அந்த 500-இலும் ஓடுவது லினக்ஸ். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியிலும் அதுதான். ஆகவே, அண்ணாச்சி, நீங்கள் ஏற்கெனவே எங்கள் வாடிக்கையாளர்.

இணையக் குழுக்களில் சந்தேகம் கேட்டால் "கூகுள் பண்ணத் தெரியாதா" என்று விரட்டுகிறார்கள். இப்போது கேட்கவே பயமாக இருக்கிறது.
– பாலிடெக்னிக் மாணவர், முடிச்சூர்

விரட்டியவர்கள் மேல்தான் முதல் கோபம் எனக்கு. அவர்களுக்கும் ஒருநாள் யாரோ பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆங்கிலம் தடுமாறுகிற, முதல் தலைமுறையாகப் படிக்கிற ஒரு பிள்ளையை ஒரு வரியில் துரத்திவிட்டால், அந்தப் பிள்ளை அந்தத் துறையையே விட்டுப் போகலாம். தெரியாவிட்டால் பேசாமல் இருப்பது மரியாதை. தெரிந்தும் திட்டுவது அற்பத்தனம்.

இனி உங்களுக்கு. "என் புரோகிராம் வேலை செய்யலை, ஹெல்ப் ப்ளீஸ்" என்று போட்டால் யாராலும் உதவ முடியாது. திரையைப் போனில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். பிழைச் செய்தியை எழுத்தாகவே வெட்டி ஒட்டுங்கள். என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன நடந்தது, எதையெல்லாம் முயன்றீர்கள் என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள். பல சமயம் அந்த நாலாவது வரியை எழுதும்போதே விடை உங்களுக்கே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் அதையும் அங்கேயே எழுதி வையுங்கள், பின்னால் வருகிறவருக்கு உதவும்.

அதான் ஏ.ஐ. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறதே. இனி குழு, கூட்டம் எல்லாம் எதற்கு?
– ஐ.டி. ஊழியர், ஊரப்பாக்கம்

நானும் ஏ.ஐ.யிடம் கேட்கிறேன். திட்டாது, அலுத்துக்கொள்ளாது, மேலே கேட்டிருக்கும் முடிச்சூர் மாணவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வரும். "தம்பி, இதை ஏன் இப்படிச் செய்றே? வேலைக்கு முயற்சி பண்றியா? இதைப் படி" என்று நம் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். தப்பான பதிலையும் அது அதே நம்பிக்கையோடு சொல்லும். கண்டுபிடிக்க நமக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் இணையவழியில் கூடித் தமிழிலேயே பேசுகிறார்கள். கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. சென்னையின் லினக்ஸ் குழு 1990-களின் கடைசியிலிருந்து இயங்குகிறது. த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' இதழில் லினக்ஸும் டேட்டாபேஸும் எளிய தமிழில் கட்டுரைகளாகக் கிடைக்கின்றன. அவை இணையத்தில் இருக்கப்போய்த்தான் ஏ.ஐ.யும் அவற்றைப் படித்துத் தமிழில் கணினி பேசக் கற்கிறது. மனிதர்கள் எழுதுவதை நிறுத்தினால் அது எங்கே போய்ப் படிக்கும்?

கம்ப்யூட்டர் ஆட்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்கு ஆபத்து என்றால் இவர்களால் என்ன பயன்?
– குடியிருப்போர் சங்க உறுப்பினர், வரதராஜபுரம்

2015 டிசம்பரை உங்கள் பகுதிக்காரர் மறந்திருக்க மாட்டீர்கள். அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தச் சாலையில் போகலாம், எதில் இடுப்பளவு தண்ணீர் என்று தெரியாமல் உதவிக்கு வந்த வண்டிகளே திரும்பிப் போயின.

அந்த நாட்களில் அருண் கணேஷும் மேப்பாக்ஸ் நிறுவன நண்பர்களும் இணையத்தில் ஒரு வரைபடம் போட்டார்கள். உங்கள் தெருவைத் தொட்டால் 'இங்கே வெள்ளம்' என்று குறித்துவிடலாம். நூற்றுக்கணக்கான தெருக்களை மக்களே குறித்தார்கள். உதவி கேட்பவரையும் கொடுப்பவரையும் சேர்த்துவைக்க இன்னொரு தளத்தைத் தன்னார்வலர்கள் நடத்தினார்கள்.

இதில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்த வெள்ள வரைபடத்தின் அடியில் இருந்தது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004-இல் தொடங்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் தெரு வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். மழைக்கு முன்பே, யாரும் கேட்காமலே, நம் சந்துகளை உட்கார்ந்து வரைந்து வைத்திருந்தார்கள். கம்பெனி ஒன்றின் பூட்டிய வரைபடமாக இருந்திருந்தால் அனுமதி வாங்கவே தண்ணீர் வடிந்திருக்கும்.

உங்கள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் பகுதியின் மழைநீர்க் கால்வாய், தாழ்வான தெரு, மேடான பள்ளிக்கூடம், சிறுபாலம் எல்லாவற்றையும் அதில் குறித்து வையுங்கள். ஒரு போன் போதும். கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

வாட்ஸ்ஆப்பை விட்டுவிட்டு 'அரட்டை'க்கு மாறலாமா?
– இல்லத்தரசி, கூடுவாஞ்சேரி

'அரட்டை'யைச் செய்த ஸோஹோ நிறுவனம் உங்கள் ஊர்ப் பக்கம்தான், ஜி.எஸ்.டி. ரோட்டு வல்லாஞ்சேரி. பாசம் இருப்பது நியாயம், எனக்கும் உண்டு. 2021-இல் வந்த செயலி 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று பரவியபோது, அதன் எழுத்துச் செய்திகளுக்கு இரு முனைகளுக்கு இடையிலான மறையாக்கம் இருக்கவில்லை. அந்த மறையாக்கம் என்பது, நடுவில் இருக்கும் நிறுவனம் நினைத்தாலும் படிக்க முடியாது என்ற உத்தரவாதம். அது உங்கள் போனில் இப்போது வந்திருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். இருந்தால் குடும்பத்தோடு குடியேறுங்கள். இல்லையென்றால் பேங்க் விவரத்தை அங்கே அனுப்பாதீர்கள். நம்ம ஊர் என்பதற்காக முதலில் முயன்று பார்க்கலாம். பாதுகாப்பில் மட்டும் சலுகை மார்க் கிடையாது.

குரூப்பில் கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. கடைசியில் 'ஏ.பி.கே.' என்று இருக்கிறது. திறக்கலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், பெருங்களத்தூர்

கூடாது. அது போனுக்குள் புகும் செயலி. அழைத்தவருக்கு நேராகப் போன் போட்டுக் கேளுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைத்தால் அந்த நேரத்தில் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும்.

பையன் பத்தாவது முடிக்கிறான். பைத்தானா, ஜாவாவா? கோச்சிங் சென்டரில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள்.
– தாய், தாம்பரம் சானடோரியம்

பைத்தான். காசும் வேண்டாம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகம் தமிழிலும் இணையத்தில் இலவசம். முதலில் அவனே ஏதாவது ஒன்றைச் செய்யட்டும்: வீட்டுப் பால் கணக்கு, கிரிக்கெட் ஸ்கோர். உட்கார்ந்து செய்கிறான் என்றால் அப்புறம் சென்டரைப் பற்றி யோசிக்கலாம்.

இலவச மென்பொருளுக்கு நன்கொடை கேட்கிறார்களே, அப்புறம் என்ன இலவசம்?
– வங்கி அலுவலர், சேலையூர்

எக்ஸ்.இசட். என்று ஒரு சின்ன மென்பொருள். கோப்புகளைச் சுருக்கும், அவ்வளவுதான். உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அது இருக்கிறது. அதைப் பல வருஷம் பராமரித்தவர் பின்லாந்தின் லாஸே காலின், சம்பளமில்லாமல். மனநலம் சரியில்லை, இது கூலியில்லாத பொழுதுபோக்கு வேலை என்று 2022-இல் அவரே எழுதினார். அப்போதும் "ஏன் தாமதம்" என்று நெருக்கினார்கள். அதற்கு முன்பே 'ஜியா டான்' என்ற பெயரில் உதவிக்கு வந்திருந்த ஒருவர், அந்தக் களைப்பைப் பயன்படுத்திக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லபடி உழைத்து நம்பிக்கை பெற்று, பிறகு உள்ளே ரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார்.

அது உலகம் முழுக்கப் பரவியிருந்தால் எத்தனையோ வங்கிகளின் சர்வர்களும் ஆபத்தில் இருந்திருக்கும். தப்பியது எப்படி? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்தார். 2024 மார்ச் 29 அன்று உண்மையை ஊரறியச் சொன்னார். மூல நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அதுவரை துருவ முடிந்தது. ஒருவர் தலையில் எல்லாச் சுமையையும் போட்டு நாம் மறந்துபோனதால்தான் அந்தத் திருடன் உள்ளே வர முடிந்தது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இலவசம் என்பது உங்களுக்கு. எழுதுகிறவருக்கும் வாடகை, பிள்ளைகள் எல்லாம் உண்டு. பணம் தாருங்கள். முடியாவிட்டால் நன்றி என்று ஒரு வரி எழுதுங்கள், அதுகூட அவர்களுக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

எழுபது வயது. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணினி கற்க ஆசை. பேரன் பொறுமையில்லாமல் பிடுங்கிக்கொள்கிறான். என்னால் அந்த உலகத்துக்கு என்ன பயன் இருக்கப்போகிறது அம்மா?
– நெடுங்குன்றம்

உங்களுக்காகவே ஒரு வேலை காத்திருக்கிறது, டீச்சர். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஆயிரக்கணக்கில் ஏற்றப்பட்டிருக்கின்றன. பக்கத்தின் படத்தைப் பார்த்து மென்பொருள் எழுத்தாக மாற்றிவிட்டது. ஆனால் அதற்கு 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான பக்கங்களில் பழைய ணை, லை, றா வந்தால் திணறிப்போகும். நீங்கள் அந்த எழுத்தில் படித்து வளர்ந்தவர். இளைஞர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் வரியைத் தயங்காமல் வாசிப்பீர்கள். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் படம், ஒப்பிட்டுத் திருத்திச் சேமிப்பதுதான் வேலை.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில்; இலக்கணம் தெரிந்த உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். பேரனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்து, விக்கிமூலத்தில் உங்கள் பெயரில் கணக்கு ஒன்று திறந்து தரட்டும். முதல் பக்கத்துக்குத் திரு.வி.க.வை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் சொல்கிறேன்.