ஊரில்லாமல் ஊர்க்கோயில் கட்டுவது எப்படி?

இலங்கை மலையகத் தோட்டத் துரைமாரின் உபயோகத்துக்காக இதை எழுதுகிறேன். வருஷம் 1878 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நாவலப்பிட்டியோடு நிற்கிறது. ஹட்டனுக்கு வர இன்னும் ஆறு வருஷம். நுவரெலியாவில் ஹோலி டிரினிட்டி தேவாலயம் 1852இலேயே எழும்பிவிட்டது. இப்போது டிக்கோயாவில் வார்லி மேட்டிலும் ஒன்று எழும்புகிறது. (கீழே அழகான ஏரியைத் தேடாதீர்கள், காசல்ரீ நீர்த்தேக்கம் வர எண்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது.) உங்களுக்கும் ஒன்று வேண்டும், அதுவும் இங்கிலாந்துக் கிராமத்தில் ஐந்நூறு வருஷமாக நிற்கிற மாதிரி.

முதலில் வயது. அங்கே பாட்டன் எழுப்பிய சுவரில் பேரன் ஜன்னல் திறப்பான், அவன் பேரன் கோபுரம் வைப்பான். அரைவட்ட வளைவும் கூர்வளைவும் ஒரே கோயிலில் பக்கத்துப் பக்கமாக நிற்கும். உங்களுக்கு அவ்வளவு அவகாசமில்லை. காப்பி இலையில் 1869இலேயே துரு விழுந்துவிட்டது. கூர்வளைவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த நூற்றாண்டைப் பின்பற்றுவது என்ற குழப்பமும் வேண்டாம். 1839இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கத்தார், பதினான்காம் நூற்றாண்டுதான் பக்திக்கு உகந்தது என்று ஏற்கனவே தீர்த்துவைத்துவிட்டார்கள்.

பீடம் கிழக்கே. சரிவு சம்மதிக்காவிட்டால் மலையை வெட்டுங்கள், ஆள் இருக்கிறது. சுவருக்கு வெளியே முட்டுத்தூண்கள் நிற்கட்டும். உங்கள் சுவரின் உயரத்துக்கு அவை அவசியமில்லை, ஆனால் சீமையிலிருந்து வரும் மாமியாருக்குப் பிடிக்கும். கூரை செங்குத்தாக இருக்கட்டும். இறக்குமதியானவற்றில் இங்கத்தைய மழைக்கு உருப்படியாக உதவப்போவது அது ஒன்றுதான். வாசல் மண்டபத்தில் அங்கே அந்தக் காலத்தில் கல்யாணமே நடக்கும். நீங்கள் குடை மடக்கலாம்.

மணிக்கூண்டு உங்கள் வசதி. அங்கே அந்த மணிதான் ஊரை எழுப்பும், சாவு சொல்லும். இங்கே விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, தப்பு அடித்து எல்லாரையும் எழுப்பியாயிற்று.

கடினமான சாமான் ஊர்தான். அந்தக் கோயில்களில் நடுக்கூடத்தைப் பழுதுபார்ப்பது ஊராரின் கடமை. பீடப்பகுதி மட்டுமே பாதிரியார் பொறுப்பு. விளைச்சலில் பத்தில் ஒன்றையும் ஊரே கொடுத்தது. ஏழைகள் நின்றுகொண்டுதான் பூசை கண்டார்கள், ஆனாலும் பிரபுவுக்கும் அவர்களுக்கும் கூரை ஒன்று. உங்களுக்குக் கல் உடைத்த ஊரோ கீழே தொழிலாளர் லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் குடும்பத்தோடு இருக்கிறது. அதற்கு மாரியம்மன் இருக்கிறாள். வேதத்தில் சேர்ந்தவர்களைக் கவனிக்க 1854இலிருந்து தமிழ்க் கூலி மிஷன் தனியாக உண்டு. உங்கள் வாங்குக்கு ஆபத்தில்லை.

ஒரு முக்கிய எச்சரிக்கை: கோயில் வரைபடத்தையும் லயத்து வரைபடத்தையும் ஒரே மேசையில் போட்டுவைக்காதீர்கள். கொத்தனார் மாற்றிக் கட்டிவிட்டால் குடும்பங்களுக்கு ஜன்னல் கிடைத்துவிடும்.

கல்லறைக்கு மட்டும் தாராளமாக இடம் விடுங்கள். வடக்குப் பக்கம் பிசாசுடையது என்பது இங்கிலாந்துக் கிராமத்து நம்பிக்கை, ஆகையால் தெற்கிலிருந்து ஆரம்பியுங்கள். காய்ச்சல் உங்கள் பதவியை விசாரிக்காது. புகைப்படத்தில் பேர்போன ஜூலியா மார்கரெட் கேமரனே 1879இல் பொகவந்தலாவ செயின்ட் மேரிஸ் வளவில்தான் அடக்கமாகப்போகிறார்.

பிற்பாடு நீங்கள் கப்பலேறுவீர்கள். திறப்பை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கவேண்டாம். லயத்துச் சனம் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தோடு வந்து உங்கள் வாங்குகளில் உட்காரும். நடுக்கூடத்து ஒழுக்கை அடைக்கக் காசு சேர்ப்பதற்கும் அப்போதுதான் ஒரு ஊர் அகப்படும்.