மொய் நோட்டும் விடுப்புப் பதிவேடும்: 2025ஆம் ஆண்டு குறித்த ஓர் ஆய்வு

நாட்குறிப்பு எழுதும் வழக்கமில்லாத மாதச் சம்பளக்காரர் ஒருவரின் ஓராண்டு வாழ்வை ஆராயப் புகுவோர், கல்வெட்டும் செப்பேடும் கிடைக்காத காலத்தின் வரலாற்றை எழுதுவோரைப் போலவே, கையில் அகப்பட்ட சான்றுகளைக் கொண்டு திருப்தியடைய வேண்டியவராகின்றனர். சென்னைப் புறநகரில் வாடகை வீட்டில் குடியிருந்து, தனியார் அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றும், மதுரையைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பத் தலைவர் ஒருவரின் 2025ஆம் ஆண்டை மீட்டெடுக்க இங்குப் பயன்பட்டவை, அலுவலக விடுப்புப் பதிவேடு, பின்புறத்தில் செலவுக் கணக்கு எழுதப்பட்டதால் குப்பைக்குப் போகாமல் தப்பிய தினசரிக் காலண்டர் தாள்கள், இல்லத்தரசியார் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் நாற்பது பக்க மொய் நோட்டு ஆகியவையே. ஆய்வாளரும் ஆய்வுக்குரியவரும் ஒரே குடும்ப அட்டையில், அதுவும் ஒரே வரியில், இடம்பெற்றிருப்பதால் இவ்வாய்வின் நடுநிலைமையை எவரேனும் ஐயுற்றால் அந்த ஐயம் நியாயமானதே.

தமிழ்நாட்டுத் தனியார் நிறுவன ஊழியருக்கு, 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய விடுமுறை 4 நாளும் பண்டிகை விடுமுறை 5 நாளும் உண்டு. இந்த ஒன்பதையும் நம்பி ஆண்டைத் தொடங்கிய ஆய்வுக்குரியவருக்கு, குடியரசு நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து முதல் அடியைக் கொடுத்தது; அக்டோபர் 2ஆம் நாள் காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒன்றாக வந்து விழுந்தபோது, மகாத்மாவிடத்தும் அம்பாளிடத்தும் அவருக்குக் குறை எதுவும் இல்லையெனினும், இருவரும் கலந்து பேசியிருக்கலாம் என்று அவர் கருதியதாகத் தெரிகிறது. எஞ்சியிருந்தது 12 நாள் தற்செயல் விடுப்பு. தற்செயல் விடுப்பு என்பது எதிர்பாராமல் நேரும் தேவைக்கு எடுக்கப்படுவது என்று விதி கூறினாலும், இவருடைய பன்னிரண்டும் பஞ்சாங்கம் அச்சேறிய அன்றே முடிவானவை. ஏனெனில் ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் நடத்துவதில்லை, புரட்டாசியையும் பலர் தவிர்க்கின்றனர், ஆகவே உறவினர் அனைவரும் மீதமுள்ள மாதங்களின் முகூர்த்த நாள்களுக்குள் முண்டியடித்து நுழைகின்றனர்.

அவ்வாண்டில் அவர் மதுரைக்கு ஒன்பது முறை சென்று திரும்பியிருக்கிறார். ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 490 கிலோமீட்டர் எனக் கொண்டால் மொத்தம் 8,800 கிலோமீட்டருக்கும் மேல். இதே தொலைவை ஒரே திசையில் வான்வழியாகக் கடந்திருந்தால் லண்டன் மாநகரையே அடைந்திருக்கலாம். ஆனால் அத்தனையும் இரவு ரயில் பயணங்களாதலால், பதினெட்டு முறை திருச்சியைக் கடந்தும் மலைக்கோட்டையை ஒரு முறையும் அவர் கண்ணால் கண்டதில்லை. அவற்றுள் ஆறு பயணங்கள் ஆர்.ஏ.சி. முறையில் அமைந்தவை. அதாவது, பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றை இருவருக்குப் பொதுவாக ஒதுக்கி, அவர் காலை இவரும் இவர் காலை அவரும் விடியும்வரை மடியில் தாங்கியிருக்கச் செய்யும் ஏற்பாடு அது. முன்பின் அறியாத மனிதர் ஒருவரின் உள்ளங்காலை இவ்வளவு அணுக்கமாக அறிந்துகொள்ளும் வாய்ப்பு வேறெங்கும் கிட்டாது.

ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பர் 1 முதல் குறைக்கப்பட்டதால், மனிதர் தம் எதிர்காலத்தைத் திட்டமிட வேண்டிய தொலைவும் பாதியாகச் சுருங்கியது. திங்கட்கிழமை வந்த தீபாவளிக்கு அக்டோபர் 17 வெள்ளியன்று புறப்பட வேண்டுமானால், ஆகஸ்ட் 18 காலை எட்டு மணிக்கு ஆயத்தமாக இருந்தாக வேண்டும். அன்று வீட்டில் நால்வரும் நான்கு கைப்பேசிகளுடன் அமர்ந்து, எட்டு மணி நான்கு நிமிடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் இடம்பெற்றனர். அலுவலகத்துக்குத் தாமதமாக வந்தமைக்குக் காரணமாகப் பதிவேட்டில் காணப்படும் சொல் ‘குடும்ப நலன்’ என்பதாகும்.

கொண்டாட்டங்களுள் விரிவாக நோக்கத்தக்கது கார்த்திகையில் நடந்த தங்கை மகனின் காதணி விழா. காது குத்தும்போது குழந்தையை மடியில் இருத்திக்கொள்ளும் உரிமையும், பொன்னும் புத்தாடையும் தட்டு வரிசையோடு கொண்டுவரும் கடமையும் தாய்மாமனுக்கு உரியவை. இதனைத் தாய்மாமன் சீர் என்பர். ஆண்டுத் தொடக்கத்தில் சவரன் 60,000 ரூபாய்க்குள் இருந்தபோதே கம்மலை வாங்கிவிடலாம் என்று மனைவியார் கூறியதற்கு, கணக்குப் பிரிவில் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆய்வுக்குரியவர், விலை இறங்கும் என்று உறுதிபடக் கூறினார். அக்டோபரில் அது 90,000 ரூபாயைத் தாண்டியது. கார்த்திகையில் அவர் வாங்கியது, ஆசாரி இருமுறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்ட அளவிலான கம்மல். ஊசியைக் கண்ட மூன்று வயதுக் குழந்தை, மாமன் மடியில் இருந்தவாறே அவருடைய பட்டு வேட்டியை நனைத்துத் தன் கருத்தைத் தெரிவித்தது. பந்தலில் இருந்தோர் இதனை நல்ல சகுனம் என்றனர்.

இவ்வாறு ஊர் சென்று, விழித்து, வாழ்த்தி, நனைந்து திரும்பியவர் ஓய்வெடுத்த இடம் எது என்ற வினாவுக்குச் சான்றுகள் காட்டும் விடை அலுவலகம் என்பதே. மாதந்தோறும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் பரபரப்பு நீங்கலாக, குளிரூட்டிய அறையில், முதுகுக்குச் சாய்மானத்துடன், யாருடைய காலும் மடியில் இல்லாமல் அவர் அமர்ந்திருந்த நேரம் அது ஒன்றே. திங்கட்கிழமைகளில் அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைப் பணிப்பற்று என்று மேலாளர் பிழையாகப் புரிந்துகொண்டு, ஆண்டு மதிப்பீட்டில் பாராட்டி எழுதியிருக்கிறார். சம்பள உயர்வில் அந்தப் பாராட்டின் தடயம் தென்படவில்லை.

இனி மொய் நோட்டு. மொய் என்பது விழா வீட்டார்க்கு வழங்கும் பணமே ஆயினும், அது நன்கொடையும் அன்று, கடனும் அன்று. ஆனால் திருப்பிச் செய்யாவிடில் கடனைவிடக் கடுமையாக நினைவுகூரப்படுவது. இக்காலத்தில் மதுரைப் பக்கத்து விழாக்கள் பலவற்றில் மொய்யைக் கணினியில் ஏற்றி உடனுக்குடன் ரசீது தருவதால், மறந்துவிட்டதாகச் சொல்லும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது. 2025இல் பதினான்கு விழாக்களுக்கு எழுதிய மொய் 18,514 ரூபாய். கடைசிப் பதினான்கு ரூபாய், தொகை முழுமையாக நின்றுவிடலாகாது என்பதற்காக விழாவுக்கு ஒன்றாகச் சேர்த்த ஒற்றை ரூபாய்களின் கூட்டுத்தொகை. இதற்கு ஈடாகத் தாம்பூலப் பைகளில் வந்து சேர்ந்தவை 23 தேங்காய்கள். வரவுப் பத்தி முழுவதும் வெறுமையாக உள்ளது. வீட்டில் விசேஷம் வைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

நோட்டைப் பலமுறை ஆராய்ந்த இல்லத்தரசியார், மகனுக்குச் சிறுவயதில் காது குத்தாமல் விட்டுப்போனதை அண்மையில் கண்டுபிடித்துள்ளார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்து, 2026 வைகாசியில் வரும் நல்லதொரு முகூர்த்தத்தில் விழா நடைபெறும். நோட்டில் இடம்பெற்றுள்ள பதினான்கு வீட்டாரும் இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதி, சுற்றமும் நட்பும் சூழ வருகை தர வேண்டுகிறோம். காதுக்கு உரியவர் மட்டும் இன்னும் இசைவு தெரிவிக்கவில்லை.