சல்லடையும் தேர்வும்: ‘ஃபாரன்ஹீட் 451’ படியாமல் தேர்வெழுதும் கலைக்கு ஓர் இலக்கணம்

ரே பிராட்பரி 1953-இல் வெளியிட்ட ‘ஃபாரன்ஹீட் 451’, புத்தகங்களைக் கொளுத்துவதே தீயணைப்பு வீரர்களின் தொழிலாகிவிட்ட ஓர் எதிர்கால அமெரிக்காவைச் சித்திரிக்கும் நாவல் என்பதும், அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கில வகுப்புகளில் அது நெடுங்காலமாகப் பாடமாக இருந்துவருகிறது என்பதும் யாவரும் அறிந்தவை. ஆயினும் அந்நாவலைப் படியாமலே அதைப் பற்றித் தேர்வெழுதும் கலைக்கு முறையான இலக்கணம் வகுக்கப்படவில்லை; அக்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல், வழி, சார்பு என நூல்களை மூன்றாகப் பகுக்கும் நன்னூல் மரபு இங்கும் செவ்வனே பொருந்துகிறது. முதல்நூல் என்பது நாவலே. புத்தகப்பையின் எடையைக் கூட்டுவது அதன் பயன். வழிநூல் என்பது, 1958-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளிஃப்டன் ஹில்லெகாஸ் தொடங்கிய ‘கிளிஃப்ஸ் நோட்ஸ்’ வரிசையைப் போல, முதல்நூலின் கதையை அதிகாரம் அதிகாரமாகச் சுருக்கித் தருவது. சார்புநூல் என்பது, முதல்நூலோடு ஒருபுடை ஒத்து ஏனைய இடங்களில் தன்போக்கில் செல்வது. பிரான்சுவா த்ருஃபோ 1966-இல் இயக்கிய திரைப்படம் இதற்குச் சான்று.

சார்புநூலை மட்டும் நம்புவோர்க்கு நேரும் கேடு ஒன்று உண்டு. நாவலில் கதைநாயகனான தீயணைப்பு வீரன் மான்டாகின் மனைவி மில்ட்ரெட். படத்தில் அவள் லிண்டா. நாவலில் கார் மோதி இறந்ததாகச் சொல்லப்படும் அண்டைவீட்டுப் பெண் கிளாரிஸ், படத்தின் முடிவில் நலமாக உலவுகிறாள். நாவலில் குற்றவாளிகளைத் துரத்தும் இயந்திர வேட்டைநாய் படத்தில் இல்லை. எனினும் விடைத்தாளில் லிண்டாவை மோப்பம் பிடிக்கும் ஆசிரியர் அக்குறையை நிறைவுசெய்துவிடுகிறார்.

வழிநூலைக் கற்பது முறையாகுமா என்னும் தடைக்கு விடை முதல்நூலிலேயே உள்ளது. செவ்வியல் நூல்கள் முதலில் கால்மணி நேர வானொலி நிகழ்ச்சியாகவும், பின்னர் இரண்டு நிமிடப் பத்தியாகவும், இறுதியில் அகராதியின் பத்துப் பன்னிரண்டு வரிகளாகவும் குறுகிய வரலாற்றைத் தீயணைப்புத் தலைவர் பீட்டி அதில் விரித்துரைக்கிறார். அவ்விரிவுரையையே இரண்டு வாக்கியச் சுருக்கமாகக் கற்கும் மாணவர், நாவலைப் படிக்கவில்லை என்று சொல்லலாமே தவிர, நாவலுக்குள் வாழவில்லை என்று சொல்ல இயலாது.

இனி, முதல்நூலையே நாடுவோர் நிலை. நாவலின் இரண்டாம் பகுதி சல்லடையையும் மணலையும் தலைப்பாகக் கொண்டது. சிறுவயதில் சல்லடையை மணலால் நிரப்ப முயன்று தோற்ற மான்டாக், சுரங்க ரயிலில் பைபிளை மனப்பாடம் செய்ய முயல, பற்பசை விளம்பரம் ஒன்று ஓயாமல் ஒலித்து அதைக் கலைக்கிறது. தேர்வுக்கு முந்தைய நள்ளிரவில் இக்காட்சி அச்சுப் பிசகாமல் மீள நிகழ்கிறது. பற்பசையின் இடத்தில் கைப்பேசி இருக்கிறது, அவ்வளவே. முக்கியமான வரிகளை மட்டும் அடையாளமிட எடுத்த மஞ்சள் மைப் பேனா பக்கம் முழுவதையும் மஞ்சளாக்கிவிட, தப்பித்தவறி விடுபட்ட ஒரு வரியே பளிச்செனத் தெரிகிறது. நாவலின் இறுதியில் வரும் நாடோடிகள் ஒவ்வொருவரும் ஒரு நூலைத் தலைக்குள் வாழ்நாளெல்லாம் காக்கிறார்கள்; தேர்வெழுதுவோர், தீ என்பது அழிவுக்கும் குளிர்காயும் வெம்மைக்கும் ஒருங்கே குறியீடு என்ற ஒரே வாக்கியத்தை நண்பகல் வரை காக்கிறார்கள்.

விதியில் அடங்காதவற்றை இறுதியில் தொகுத்துச் சொல்வது புறனடை எனப்படும். பாலன்டைன் பதிப்பகம் 1967-இல் பள்ளிகளுக்கென ஒரு பதிப்பை வெளியிட்டு, சுமார் 75 இடங்களில் நாவலைத் திருத்தியது. வசைச்சொற்கள் நீங்கின, குடிகாரர் ஒருவர் நோயாளியானார். புத்தக எரிப்பைக் கண்டிக்கும் புத்தகமே இவ்வாறு கத்தரிக்கப்பட்டதை நெடுநாள் அறியாதிருந்த பிராட்பரிக்கு, அதைக் கடிதம் எழுதித் தெரிவித்தவர்கள் மாணவர்களே. அதன் பின்னரே முழுப்பாடம் மீண்டது. எந்த வினாத்தாளும் கேளாத ஒன்றை இவர்கள் எவ்வாறு கண்டுபிடித்தார்கள் என்பதற்கு, நூலைப் படித்தார்கள் என்பதன்றி வேறு விளக்கம் கிடைக்கவில்லை. சல்லடையிலும் மணல் நிற்பதுண்டு என்பதற்கான இச்சான்று மேற்கூறிய இலக்கணம் முழுவதையும் ஐயத்துக்குரியதாக்குவதால், ஆய்வு மரபையொட்டி, அது புறனடையிலேயே விடப்படுகிறது.