ரோவாக்குல போயி உக்காரு பேராண்டி

ஏலே பேராண்டி, "சிட்டி லைஃப் மைண்டைக் காலி பண்ணுது தாத்தா"ன்னு நீ போன்ல சொன்ன அன்னைக்கு ராத்திரி ஒங்க ஆச்சி ஒறங்கல. காலியாகிற அளவுக்கு நம்ம பய மண்டையில என்னதான் கெடந்துச்சுன்னு அவளுக்குச் சந்தேகம். "நீங்களே நேர்ல போயிப் பாத்துட்டு வாங்க"ன்னு முறுக்கு டப்பாவோட மெட்ராசுக்கு ஏத்தி, அங்கிருந்து கோரமண்டல் ரயில்ல கல்கத்தாவுக்கு அனுப்பி வச்சா. வந்தேன், பாத்தேன். நான் மானாவாரி சம்சாரி. பட்டாளத்துல கத்துக்கிட்ட ஓட்டை இந்தியைத் தவிர வேற படிப்பு கெடையாது. கண்ணுல பட்டதைச் சொல்லுதேன். பிடிக்கலைன்னா இருக்கவே இருக்கு ஒன் ஹெட்போன், எடுத்து மாட்டிக்கோ.

அந்த ஹெட்போன்லயே ஆரம்பிக்கேன். மனசு அமைதியாகணும்னு ஒரு ஆப்புக்கு மாசாமாசம் பணம் கட்டுத. அது ஒனக்கு மழைச் சத்தம் போட்டுக் காட்டுது. போன வாரம் இங்க நெசமாவே மழை கொட்டுச்சு. நீ என்ன செஞ்ச? எழுந்திருச்சுப் போயி ஜன்னலை இழுத்துச் சாத்திட்டு, ஹெட்போனை மாட்டிப் போன்ல மழை கேட்ட. கரிசக்காட்டுல நாங்க வானத்தைப் பாத்துக்கிட்டுக் கெடந்த காலத்துல, பணம் கட்டினா மழைச் சத்தம் வரும்னு எவனாவது சொல்லியிருந்தா ஆட்டை வித்தாவது கட்டியிருப்போம். கூடக் கொஞ்சம் தண்ணியும் கேட்டிருப்போம், அம்புட்டுதான்.

நீ குடியிருக்கிறது நியூ டவுன், வேலை பாக்கிறது சால்ட் லேக் செக்டார் ஃபைவ். பேருல உப்பும் இருக்கு, ஏரியும் இருக்கு. தேடிப் பாத்தா ரெண்டையும் காணோம். சதுப்புல ஹூக்ளி ஆத்து வண்டலைக் கொண்டாந்து நெரப்பி, டோஷ்கோவிச்னு ஒரு யுகோஸ்லாவியாக்காரரு வரைஞ்ச பிளான்படி 1960கள்ல எழுப்ப ஆரம்பிச்ச ஊராம். ரோடெல்லாம் நேரா இருக்கு, மரமும் நட்டிருக்கான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா நான் தேடினது வேற.

ஒன் அடுக்குமாடி லிஃப்ட்டை எடுத்துக்கோ. உள்ள அஞ்சு பேரு. அஞ்சு பேரும் கதவுக்கு மேல ஓடுற செவப்பு நம்பரையே பாக்காங்க, லாட்டரி முடிவு வாரது மாதிரி. பக்கத்துல நின்ன பையன்கிட்ட, "எந்த ஊரு தம்பி, கல்யாணம் ஆச்சா?"ன்னு கேட்டேன். பதினொண்ணுல எறங்க வேண்டியவன் ஆறுலயே எறங்கிட்டான். நீ என்னடான்னா, "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது தாத்தா, பிரைவசி"ங்க. சரின்னு கீழ வந்தா, ஹால்ல நல்ல மெத்து மெத்துன்னு சோபா. உக்காந்தேன். செக்யூரிட்டி வந்து, "யாரைப் பாக்கணும்?"னான். "யாராவது வந்தா பாப்பேன்"னேன். அவன் ஒனக்குப் போன் போட்டுட்டான். எதிர் வீட்டுக்காரன் பேரு என்னன்னு ஒன்கிட்ட கேட்டேனே, ஞாபகம் இருக்கா? கதவைத் தொறந்து, அவன் வாசல்ல கெடந்த பார்சல் பொட்டியைப் படிச்சுட்டு வந்துல்ல சொன்ன!

நீ காட்டின ஆராய்ச்சியையும் நான் விடல. 2011ல ஜெர்மனியில மான்ஹைம் ஊரு விஞ்ஞானிக 'நேச்சர்' பத்திரிகையில எழுதினது. ஆளை ஸ்கேன் மிஷினுக்குள்ள படுக்க வச்சு, கணக்கைக் குடுத்து, நேரமாச்சு நேரமாச்சுன்னு வெரட்டி, நடுவுல "நீ சரியாவே செய்யல"ன்னு காதுல திட்டினாங்களாம். பட்டணத்துல குடியிருக்கிறவனுக்கு மூளையில அமிக்டலான்னு ஒரு எடம், பயம் வந்தா முழிச்சுக்கிற எடம், மத்தவனைவிடக் கூடத் துடிச்சுதாம். நம்ம ஊரு ரெண்டாங்கிளாசுல இந்தப் பரிசோதனை தெனமும் நடந்துச்சுலே, ஸ்கேன்தான் இல்ல. ஆனா ஒண்ணைக் கவனிச்சியா? அவங்க ஹாரன் அடிச்சுச் சோதிக்கல, பொகை போட்டுச் சோதிக்கல. இன்னொரு மனுசன் மட்டமாப் பேசினா உள்ள என்ன நடக்குன்னுதான் பாத்தாங்க.

சத்தம்தான் மூளையைக் கெடுக்குதுன்னா கரியாஹாட் மேம்பாலத்துக்கு அடியில போயிப் பாரு. தலைக்கு மேல வண்டி, ரெண்டு பக்கமும் ஹாரன், மீனு வாங்கினவன் பையோட ஒரசிக்கிட்டுப் போறான். நடுவுல செஸ் போர்டை வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க கெழடும் இளசுமா. ஒருத்தரு குதிரையைத் தொட்டுட்டுக் கையை எடுக்காம ரொம்ப நேரம் யோசிக்காரு. எதிர்ல இருந்தவரு யோசிக்க விட்டாரா? அவரு பரம்பரையையே இழுத்துத் திட்டுதாரு. ரெண்டு பேருக்கும் அமிக்டலா நல்லாத்தான் இருக்கு போல.

இன்னொரு கணக்கும் இருக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி 2015–16ல 12 மாநிலத்துல, நம்ம தமிழ்நாடும் இந்த வங்காளமும் சேத்து, வீடு வீடாப் போயி விசாரிச்சு எழுதின கணக்கு. அதுல 13லேருந்து 17 வயசுப் பிள்ளைகளைப் பத்தின பகுதியில, பெருநகரத்துல 100க்கு 13.5 பேருக்கு மனசுத் தொந்தரவு. கிராமத்துல 6.9. படிச்சதும் மீசையைத் தடவிக்கிட்டேன். அடுத்த வரியில கை நின்னு போச்சு. சின்ன டவுன்ல 4.3. ஆக ஜெயிச்சது ஒன் பட்டணத்துப் பிள்ளையும் இல்ல, நம்ம ஊருப் பிள்ளையும் இல்ல, கோவில்பட்டிப் பிள்ளை!

அதனால "கிராமம்னா சொர்க்கம் தாத்தா"ன்னு நீ சொன்னா நான் தலையாட்ட மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6ந் தேதி ஏர்வாடியில, சங்கிலியில கட்டிப் போட்டிருந்த மனநோயாளிக 28 பேரு கூரைத் தீயில போயிட்டாங்க. ஓட முடியல, கால்ல சங்கிலி. அவங்களைக் கொண்டு போயி விட்டது பட்டணத்தான் மட்டுமில்ல, நம்மளை மாதிரி சனமும்தான். இதுல கேலி பேச எனக்கு வாய் வரல. அதே மாதிரி நம்ம ஊருத் திண்ணையில யாரு உக்காரலாம், யாரு தெருவுல நின்னே பேசணும்னு ஒரு சட்டம் இருந்துச்சு, எழுதாத சட்டம். ஒன் லிஃப்ட்ல எவனும் நீ இன்னாருன்னு கேக்கல பாரு, அது ஒரு பக்கம் பெரிய நிம்மதி. 1903லயே பெர்லின்ல சிம்மல்னு ஒரு மனுசன் எழுதி வச்சிருக்காரு: பட்டணத்துல கண்ணுலயும் காதுலயும் வந்து விழுறது அதிகம், அதனால அங்க இருக்கிறவன் எதுக்கும் அசையாத மனசை வளத்துக்கிடுதான், அதுலதான் அவனுக்குச் சொதந்திரமும் இருக்கு, தனிமையும் இருக்குன்னு. ரெண்டும் ஒரே கடையில விக்குது. நீ ஒண்ணை வாங்கப் போயி ரெண்டையும் வாங்கிட்டு வந்துட்ட.

இப்ப நான் பகல்ல எங்க காணாமப் போறேன்னு சொல்லுதேன். நீ ஆபீஸ் கெளம்பினதும் பஸ் பிடிச்சு வடக்க பாக்பஜாருக்குப் போயிருவேன். பழைய வீட்டு வாசல்ல, தெருவைப் பாத்த மாதிரி, செவப்பு சிமிண்டு பூசின மேடை இருக்கு. ஒக்காந்து ஒக்காந்து நடுவுல வழுவழுன்னு பள்ளமே விழுந்திருக்கு. நம்ம திண்ணைதான்லே, தூணு மட்டும் இல்ல. அவங்க ரோவாக்ங்காங்க. அதுல ஒக்காந்து ஒண்ணுக்கும் உதவாத பேச்சு பேசுறது அட்டா. மண் குவளையில டீ, கூடப் பொரி. மழை விட்ட மறுநாளே ஒருத்தரு குரங்குக் குல்லாய் மாட்டிட்டு வந்துட்டாரு, ஐப்பசிதான் நடக்கு!

மொத நாளே என்னை ஒக்கார வச்சு விசாரிச்சாங்க. எந்த ஊரு, எத்தனை பிள்ளைக, பேரனுக்குச் சம்பளம் என்ன, காலையில வயிறு சுத்தமாப் போச்சா. கடைசிக் கேள்விக்கு நான் முழிச்சேன். இங்க அது குசலம் விசாரிக்கிறது. எட்டயபுரம் பக்கம்னு சொன்னதும் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, பாரதி நிவேதிதா அம்மாவைப் பாத்தது இந்தக் கல்கத்தாவுலதான்னு என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு, என்னமோ நான்தான் கூட்டிட்டு வந்தவன்ங்கிற கணக்குல.

அப்புறம் ஃபுட்பால். 1911ல மோகன் பகான் வெள்ளைக்காரப் பட்டாளத்து டீம் கிழக்கு யார்க்‌ஷயரை 2–1ன்னு ஜெயிச்சு ஐஎஃப்ஏ ஷீல்டு வாங்கின கதை. பதினொரு பேருல ஒரே ஒருத்தரு காலுலதான் பூட்ஸ், மத்தவங்க வெறுங்காலு. இதைச் சொல்லும்போது குரங்குக் குல்லாய்க்காரருக்குக் கண்ணு கலங்குது. கலங்கி முடியறதுக்குள்ள பக்கத்துல இருந்த ஈஸ்ட் பெங்கால்காரரு ஒண்ணுமே பேசாம அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டுதாரு. 1975 ஷீல்டு ஃபைனல், அஞ்சுக்கு சைபர். அவ்வளவுதான், குல்லாய் பறக்குது. ஒருத்தனை ஒருத்தன் அப்படித் திட்டுதாங்க. மான்ஹைம்காரன் ஸ்கேன் மிஷினைத் தூக்கிட்டு இங்க வந்திருக்கணும். இங்க திட்டு வாங்காதவனுக்குத்தான் மனசு வாடுது.

ஒரு நாள் ஒருத்தரைக் காணோம். தனிக்கட்டை மனுசன். அரைமணி நேரம் ஆளில்லாமலே அவரைக் கிழிச்சாங்க. அப்புறம் ரெண்டு பேரு பேச்சை நிப்பாட்டிட்டு எழுந்து போயி அவரு வீட்டுக் கதவைத் தட்டினாங்க. காய்ச்சல். ஒருத்தரு மருந்துக் கடைக்கு, ஒருத்தரு கஞ்சிக்கு. நீ தனியாக் காய்ச்சல்ல கெடந்தப்ப ஒன் கதவைத் தட்டினது யாரு? சாப்பாடு கொண்டாந்த பையன். அவனும் அஞ்சு ஸ்டார் குடுங்கன்னு கேட்டுட்டுப் போனான்.

நீ மனநலக் கவுன்சலருக்குக் காசு குடுக்கேன்னு நான் வருத்தப்படல. ஆனா மனசுல கெடக்கிறதைப் பேச வச்சு வைத்தியம் பாக்குற உளப்பகுப்பாய்வு இந்த நாட்டுல எப்படி வேர் விட்டுச்சு தெரியுமா? இதே கல்கத்தாவுல பார்சிபாகான் சந்து, 14ஆம் நம்பர் வீடு. கிரீந்திரசேகர் போஸ்னு ஒரு டாக்டர். அவரு அண்ணன் ராஜசேகர் போஸ் ஊரையே சிரிக்க வச்ச நையாண்டி எழுத்தாளர், பரசுராம்னு பேரு வச்சுக்கிட்டு எழுதினவரு. அந்த வீட்டுல கூடின அட்டாவுக்கு அவங்களே வச்சுக்கிட்ட பேரு உத்கேந்திர சமிதி. நம்ம பாஷையில சொன்னா கிறுக்கங்க சங்கம். டாக்டரு மனசுக்குள்ள அமுக்கி வைக்கிற ஆசைகளைப் பத்தி ஆராய்ச்சி எழுதி, 1921ல வியன்னாவுல இருந்த ஃப்ராய்டுக்கு அனுப்பினாரு. பதில் வந்துச்சு. 1922ல அந்த வீட்டுலயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம். 1937 வரைக்கும் ரெண்டு பேரும் கடுதாசி எழுதினாங்க, ஒரு தடவைகூட நேர்ல பாக்கல. ஃப்ராய்டோட 75ஆவது பொறந்த நாளுக்கு இங்கிருந்து தந்தத்துல செஞ்ச விஷ்ணு சிலை போச்சு. அவரு அதை மேசையிலயே வச்சுக்கிட்டாராம். பெருமாளுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கிச்சோ என்னவோ. 1940ல லும்பினி பார்க்னு மனநல ஆஸ்பத்திரியும் இதே கூட்டம் தொறந்துச்சு. வெட்டிப் பேச்சு பேசினவங்க செஞ்ச வேலையைப் பாத்தியா?

நான் ரோவாக்கைத் தூக்கி வச்சு ஆடல. அதுல ஒரு பொம்பளையைக்கூட நான் பாக்கல. ஒங்க ஆச்சிகிட்ட இந்தக் கதையைச் சொன்னா, "நாங்க எங்க போயி உக்கார?"ன்னு ஒரே கேள்வியில கவுத்திருவா. அந்த ரோவாக்கும் நாளாவட்டத்துல இருக்காது. பாதி வீடு புரமோட்டர் கைக்குப் போயாச்சு, ரோவாக் இருந்த எடத்துல காரு நிக்கி. மீதியில கிரில் போட்டுப் பூட்டியிருக்கான். நம்ம ஊருல மட்டும் என்ன வாழுது? ஒங்க அப்பன் வீடு கட்டினப்ப திண்ணையை இடிச்சு டூவீலர் ஏத்துறதுக்குச் சரிவு போட்டான். இப்ப ஊருல எல்லாரும் வீட்டுக்குள்ள சீரியல் பாக்காங்க, எங்களை மாதிரிக் கெழடுக பஸ் ஸ்டாப் சிமிண்டு பெஞ்சுல ஒக்காந்திருக்கோம்.

நான் ஊருக்குப் போனப்புறம் நீ செய்ய வேண்டியது இதுதான். ராத்திரி ஒறக்கமே போயி, சோறு எறங்காம, விடியவே வேண்டாம்னு தோணுச்சுன்னா ரோவாக்கையும் நம்பாத, என்னையும் நம்பாத, டாக்டர்கிட்டப் போ. 14416ன்னு அரசாங்கத்து நம்பர் இருக்கு, டெலி மானஸ், 2022ல ஆரம்பிச்சது, காசு கெடையாது, தமிழ்லயும் பேசலாம். வெறும் எரிச்சலும் சலிப்பும்தான்னா ஞாயித்துக்கிழமை காலையில பாக்பஜாருக்குப் போ. லேக் மார்க்கெட் பக்கம் இட்லி தின்னுட்டே போகலாம், இங்க நம்ம சனம் தலைமுறை தலைமுறையா இருக்கிற எடம் அது. ரோவாக்ல ஒரு ஓரமா ஒக்காரு. போனைப் பைக்குள்ள வையி. சம்பளம் கேப்பாங்க, கொறைச்சுச் சொல்லு. வாடகை கேப்பாங்க, கூட்டிச் சொல்லு. டீக்கு ஒன்னைக் காசு குடுக்க விட மாட்டாங்க. கல்யாணம் கேப்பாங்க, அதுக்கு என்ன சொல்லணும்னு நீயும் ஒங்க அம்மாவும் மொதல்ல பேசி முடிவு பண்ணிக்கோங்க.

இன்னொண்ணு. எந்த டீம்னு கண்டிப்பாக் கேப்பாங்க. நம்ம குடும்பம் பரம்பரையா மோகன் பகான்னு நான் அங்க அடிச்சு விட்டிருக்கேன். ஒங்க பூட்டன் 1911 மேட்சை நேர்ல பாத்தவருன்னும் சொல்லியாச்சு. அவரு சாத்தூரைத் தாண்டினதில்லைங்கிறது நமக்குள்ள இருக்கட்டும். என்ன மீனு பிடிக்கும்னு கேட்டா இலிஷ்னு ஒளறிராத, அது ஈஸ்ட் பெங்கால் மீனு. எறால்னு சொல்லு.