கேள்வி-பதில்: வால்டாக்ஸ் ரோடும் ஹைதர் அலியும்

கொடுங்கையூரிலிருந்து சென்ட்ரல் போகும்போதெல்லாம் வால்டாக்ஸ் ரோட்டைப் பார்க்கிறேன். அந்தப் பெயரில் இருக்கும் சுவருக்கும் மைசூர் ஹைதர் அலிக்கும் சம்பந்தம் உண்டா?
– கல்லூரி மாணவி, கொடுங்கையூர்

நிறையவே உண்டு. 1767-இல் ஹைதரின் மகன், பதின்ம வயதுத் திப்பு, குதிரைப்படையோடு சென்னைப் புறநகர் வரை வந்து சூறையாடிவிட்டுப் போனார். 1769-இல் தகப்பனாரே வந்து நின்றார். 1758-59 பிரெஞ்சு முற்றுகையில் ஏற்கெனவே அடிபட்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, இனித் தாங்காது என்று கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரத்துக்கு மதில் எழுப்பியது. செலவை உள்ளே குடியிருந்தவர்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தது. அந்தச் சுவர் வரிதான் 'வால் டாக்ஸ்'. மிச்ச மதிலைப் பார்க்க ராயபுரம் மாடிப் பூங்காவுக்குப் போங்கள். படியேறி மேலே நின்றால்தான் எவ்வளவு அகலமான சுவர் என்பது தெரியும். கம்பெனிக்கு இருந்த பயத்தின் அகலமும் அதுதான்.

எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர் நாட்டைப் பிடித்தது எப்படி?
– ஆசிரியர், தண்டையார்பேட்டை

காதாலும் ஞாபகத்தாலும். 1749 தேவனஹள்ளி முற்றுகையில் மைசூர் அமைச்சர் நஞ்சராஜரின் கண்ணில் பட்டார். 1755-இல் திண்டுக்கல் பவுஜ்தார், அதாவது படை அதிகாரி. அங்கே பாளையக்காரர்களை அடக்கினார். பிரெஞ்சுக் கைவினைஞர்களை வைத்து ஆயுதச் சாலை தொடங்கினார். அவர் தனிச் சக்தியாக வளர்ந்தது திண்டுக்கல்லில்தான். பிறகு மைசூரில் சம்பளம் வராத சிப்பாய்கள் கலகம் செய்தபோது பாக்கியைத் தீர்த்துவைத்தார். அரசன் கொடுக்காத கூலியை வாங்கித் தருபவன் பின்னால்தான் படை போகும், போயிற்று. 1761-இல் மைசூர் அவர் கையில். எதிர்த்த கண்டே ராவ் ஒருகாலத்தில் அவரிடமே கணக்குப் பார்த்தவர். அவரைக் கிளிபோல வளர்ப்பதாகச் சொல்லிக் கூண்டில் அடைத்தார் என்று வரலாற்றாசிரியர் மார்க் வில்க்ஸ் எழுதுகிறார்.

அரியணையில் அவரே ஏன் உட்காரவில்லை?
– வாசகர், எண்ணூர்

உடையார் மன்னர் தசராவுக்குக் காட்சி தந்தால் ஊர் சமாதானமாக இருக்கும். கஜானாவும் படையும் போதும் அவருக்கு.

1769-இலேயே சென்னையைப் பிடித்திருக்கலாமே?
– துறைமுகத் தொழிலாளி, காசிமேடு

வந்தது வேகமான குதிரைப்படை. கோட்டையை உடைக்கக் கனரகப் பீரங்கி வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது கோட்டை அல்ல, வாக்குறுதி: தன்னை யாராவது தாக்கினால் ஆங்கிலேயர் உதவ வேண்டும். ஏப்ரலில் எழுதி வாங்கினார். பிறகு மராத்தியர் படையெடுத்தபோது கம்பெனி விரலைக்கூட அசைக்கவில்லை. அந்த வஞ்சம் ஏறத்தாழப் பத்தாண்டு வெந்து 1780-இல் வெடித்தது.

அப்படியானால் அவர் நம் வீரர்தானே?
– வாசகி, திருவொற்றியூர்

வேலு நாச்சியாருக்குத் திண்டுக்கல் பக்கம் அடைக்கலமும் படையும் தந்தவர். சிவகங்கை மீண்டதில் அவர் பங்கு பெரிது. 1780 செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை நொறுங்கியது. இன்னொரு ஆங்கிலத் தளபதி மன்றோ பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். இதையெல்லாம் பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் ஆங்கிலேயருக்கு ஒரு மணி நெல் கிடைக்கக் கூடாதென்று அவர் படை எரித்தது நம் ஊர்களை. பின்னால் வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் நம் உழவர்கள். அந்தக் குடும்பங்கள் பக்கம் நின்று பார்த்தால் அவரை என்னால் முழுதாகக் கொண்டாட முடியவில்லை.

எப்படி இறந்தார்?
– வாசகர், ராயபுரம்

முதுகில் ராஜபிளவை. 1782 டிசம்பர் 7, சித்தூர் அருகே. மரணத்தை மறைக்க, உடலைப் பெட்டியில் வைத்து, கஜானா போவதுபோல் கோலாருக்கு அனுப்பினார்கள். மலபாரிலிருந்து திப்பு வந்து சேரும்வரை படை கலையவில்லை.