தள்ளுவிசையியல்: விளாத்திகுளம் வட்டாரப் பழைய கார்களின் ஆள்திறன் குறித்த ஓர் ஆய்வு

1. துணிபு

காரின் பலத்தைக் குதிரைத்திறனில் சொல்வது உலக வழக்கம். காலையில் செல்ஃப் எடுக்காத காருக்குள் எத்தனை குதிரைகள் இருந்தென்ன, எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. அந்த நேரத்தில் காரை நகர்த்துவது ஆட்கள். ஆகவே பழைய காரின் பலத்தை ஆள்திறனில்தான் அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. கூப்பிட்டதும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு வருகிற ஒருவர் ஓர் ஆள்திறன். குடித்து முடித்துவிட்டு வருகிறவர் அரை.

2. ஆய்வுப்பொருள்

எது பழைய கார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, சட்டத்துக்கு இல்லை. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாக ஆயுளை நீட்டிக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. மனிதனுக்கு அறுபதில் சாந்தி, காருக்குப் பதினைந்திலேயே.

இவ்வட்டாரத்தில் இன்னும் மூச்சு விடுகிற இனங்களில் தலையாயவை இரண்டு. ஒன்று, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் பிறந்த அம்பாசடர். மற்றொன்று, 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்துத் தொடங்கிவைத்த மாருதி 800. இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர் கொண்ட மாருதி ஏறக்குறைய 650 கிலோ. இரண்டு ஆள்திறன் போதும். அம்பாசடர் ஆயிரம் கிலோவைத் தாண்டும். நான்குக்குக் குறைந்தால் அசையாது. அதற்குள் மாமியார் உட்கார்ந்திருந்தால் ஐந்து. அவரை இறங்கச் சொல்வது ஆய்வு நெறிக்கு உட்பட்டதல்ல.

3. முன்னோர் பணி

உலக அரங்கில் இத்துறைக்கு முன்னோடி கியூபா. அமெரிக்கா வர்த்தகத்தை நிறுத்திய பின் அந்நாட்டு மக்கள் 1950களின் அமெரிக்கக் கார்களுக்குள் கிடைத்த டீசல் எஞ்சினை எல்லாம் பொருத்தி ஹவானாத் தெருக்களில் இன்றும் ஓட்டுகிறார்கள்.

நம் பக்கத்திலும் மரபு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்டும் கருவியைச் செய்தது. கரிவாயுவில் இழுவை குறைவு. ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதையைப் பெரியவர்கள் சொல்வதுண்டு. சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரியை லாரி லாரியாக அனுப்பும் விளாத்திகுளம் அந்தக் காலத்திலேயே இத்தொழிலில் இருந்திருந்தால், ஊருக்கொரு விமான நிலையம் கிடைத்திருக்கும்.

அம்பாசடருக்கு முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றும் துளை இருந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவரே காரை எழுப்பிய தனியுடைமைக் காலம் அது. மாருதியில் அந்தத் துளை இல்லை. அதிலிருந்து தொடங்குகிறது தள்ளுதலின் பொதுவுடைமைக் காலம்.

4. நிலம்

தள்ளாமலே எழுப்ப ஒரு வழி உண்டு: மேட்டில் நிறுத்துவது. கொடைக்கானல்காரர் இரவே சரிவு பார்த்து நிறுத்திவிட்டால், காலையில் ஹேண்ட் பிரேக்கை விட்டதும் புவியீர்ப்பு கூலி கேட்காமல் வேலையை முடிக்கும். விளாத்திகுளமோ கரிசல் சமவெளி. சரிவு வேண்டுமென்றால் வைப்பாற்றுப் பாலத்தின் இறக்கமும் கண்மாய்க் கரையும்தான். அங்கே காரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தால், கார் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். ஆக, நியூட்டன் செய்ய வேண்டியதை இங்கே பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறார்.

நிலம் வேறு வகையிலும் ஒத்துழைக்கிறது. மழை பெய்தால் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டு ஆள்திறன் தேவையை இரட்டிப்பாக்கும். கருவேல முள் டயருக்குள் போய் ஒடிந்து நிற்கும். வைப்பார், வேப்பலோடை உப்பளப் பக்கம் போய் வந்தால் உப்புக்காற்று அடித்தகட்டைத் தின்னும். ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்தால் மஞ்சள்தூளைப் போடுவார்கள். தூள் தண்ணீரோடு ஓடித் துளையில் அடைத்துக்கொள்ளும். அதிகம் போட்டால் நல்ல குழாயையும் அடைத்து எஞ்சினைக் கொதிக்க வைக்கும். குழம்புக்கும் இதே விதிதான்.

5. செய்முறை

சாவியைத் திருப்பி, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொள்ள வேண்டும். தள்ளுகிறவர்கள் ஓட்டமெடுத்ததும் கிளட்சைச் சட்டென விட்டால், சக்கரம் எஞ்சினைச் சுற்றிவிடும். முதல் கியர் ஆகாது. சக்கரம் இறுகி, பின்னால் வருகிறவரின் தாடை டிக்கியில் மோதும். பேட்டரி அடியோடு செத்திருந்தாலும் ஆகாது. பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி தட்ட உயிர் கொஞ்சமாவது வேண்டும்.

கள ஆய்வில் கண்டது: வத்தல் கமிஷன் கடை முன்னாலிருந்து ஒரு மாருதியைத் தெருமுனைவரை தள்ளியும் எழவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் ஜன்னலில் குனிந்து, "சாவியப் போட்டீகளா அண்ணாச்சி?" என்றார். உள்ளே சற்று நேரம் மௌனம். பிறகு, "இன்னொரு தடவ தள்ளுங்கப்பா" என்று மட்டும் பதில் வந்தது.

6. தள்ளுநர் வகை

முழுத்தள்ளுநர்: மிளகாய் வத்தல் மூட்டை சுமக்கும் தொழிலாளர். ஆகவே கார் நின்றுபோகச் சிறந்த இடம் கமிஷன் கடை வாசல்.

தொடுதள்ளுநர்: கையைக் காரின் மேல் வைத்துக் கூடவே நடப்பவர். கார் எழுந்ததும் பெருமூச்சு விடுவதில் இவரே முதல்.

சொற்றள்ளுநர்: வேட்டியை மடித்துக் கட்டி ஓரமாக நின்று, "கிளட்ச விடுய்யா, விடு, விடு!" என்பவர். இவருக்குச் சைக்கிளும் ஓட்டத் தெரியாது. இவரில்லாமல் எந்தக் காரும் எழுந்ததாகப் பதிவில்லை.

7. ஆள்திறனின் ஊற்று

ஒரே தெருவில் ஒரு காருக்கு ஆறு பேர் ஓடி வருகிறார்கள். இன்னொன்றை உரிமையாளரும் அவர் மகனுமே தள்ளுகிறார்கள். காரணத்தை பானெட்டுக்குள் தேடிப் பயனில்லை. முதல் கார், நடுராத்திரியில் பிரசவ வலி என்று கதவைத் தட்டியபோது எட்டயபுரம் தாண்டிக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடியது. துஷ்டி வீட்டுக்கு ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. பெட்ரோல் காசைக் கேட்டு வாங்கவில்லை. அந்தக் கடனைத்தான் தெரு தோளால் அடைக்கிறது. இரண்டாம் கார் கல்யாணத்துக்கும் தனியாகப் போய்த் தனியாக வந்தது.

8. மறுப்பும் விடையும்

"புது பேட்டரி வாங்கினால் தீர்ந்ததே" என்பர் சிலர். பேட்டரி மாற்றினால் செல்ஃப் மோட்டார் கைவிடும். அதையும் மாற்றினால் பெட்ரோல் ஹோஸ் இருக்கிறது. இப்போது பங்க்குகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட ரப்பர் அல்ல அது.

"புதிதாக ஆட்டோமேட்டிக் காரே வாங்கினால்?" என்பர் வேறு சிலர். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளி எழுப்ப முடியாது. அது நின்றால் கம்பெனிக்குப் போன் போட்டு, இழுவை வண்டி வரும்வரை தெரு முழுக்க வேடிக்கை பார்க்க நிற்க வேண்டும். தெருவும் பார்க்கும், உதவ இடமில்லையே.

9. பரிந்துரை

பழைய கார் வாங்குகிறவர் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் எஞ்சின் சத்தம் கேட்பது போதாது. விற்கிறவர் தெருவில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும். "அந்தக் காரா? நாங்கதான தள்ளுவோம்" என்று நாலு பேர் சொன்னால், வண்டி நல்ல கையில் இருந்திருக்கிறது. எவரும் வாய் திறக்கவில்லையென்றால், ஒன்று காரில் பழுதே இல்லை, அல்லது பழுது ஆளிடம். பதினைந்து தாண்டிய காரில் முதலாவது நடவாது.

விலை பேசும்போது இன்னொன்றையும் கழித்துக்கொள்க. படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டால் ஆர்.சி. புக்கில் பேர் மாறும். தள்ளுகிற ஆட்களைப் பேர் மாற்ற எந்தப் படிவமும் இல்லை. புது ஊரில் முதல் நடுராத்திரிக் கதவுதட்டல் வரும்வரை, அந்தக் காரின் ஆள்திறன் ஒன்றுதான். அதுவும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்.